பேட்டினான்னா களிம்பு இல்லீங்க, கருமை

கார்பன் ஸ்டீல் கத்தி (எவர்சில்வர் இல்ல, துருப்பிடிக்கிற இரும்பு) பத்தின தமிழ் வீடியோவோ, கத்தி டப்பாவுக்குள்ள மடிச்சு வைக்கிற துண்டுச்சீட்டோ, எதை எடுத்தாலும் பேட்டினாவுக்கு, அதாவது புழங்கப் புழங்க கத்தி மேல ஏறுற கருப்புப் படலத்துக்கு, 'களிம்பு'ன்னு போடுறாங்க. "கத்தியில் களிம்பு உருவாக விடவும்"னு வேற. களிம்பை யாராச்சும் ஏற விட்டு வேடிக்கை பாப்பாங்களா?

பேட்டினா லத்தீன் சொல்லு. தட்டையான பாத்திரம்னு அர்த்தம், இத்தாலியன் வழியா வந்து பழைய உலோகத்து மேல ஏறுற நிறத்துக்குப் பேரா நின்னுடுச்சு.

களிம்பு செம்பு, பித்தளை, வெண்கலத்தோட சொத்து. பச்சையா படியும், உள்ள புளிப்பு வச்சா விஷம், அதனாலதான் புளி போட்டுத் தேய்ச்சு எடுக்குறோம், ஈயம் பூசுறோம். சைவ சித்தாந்தத்துல ஆணவ மலம்ங்கிற உயிரோட அழுக்குக்கே செம்புல இருக்குற களிம்பைத்தான் உவமையா சொல்லுவாங்க. அப்படி காலங்காலமா 'போக்க வேண்டிய அழுக்கு'ன்னு மனசுல பதிஞ்ச சொல்லைத் தூக்கி இரும்புக் கத்தி மேல நல்லதுக்கு வர்ற ஒண்ணுக்கு வச்சா, படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, புளியும் கம்பி நாரும் எடுத்து பளபளன்னு ஆகுற வரைக்கும் தேய்ப்பாங்க, இருந்த காப்பு போயிடும், மறுநாள் காலைல செக்கச்செவேல்னு துரு. இது போக களிம்புன்னா இன்னிக்கு மெடிக்கல்ல வாங்குற ஆயின்மெண்ட்டும் தான்.

இரும்புல வர்றது ரெண்டு. சிவப்பா வர்றது துரு, ஈழத்துல கறள்ம்பாங்க. அது உப்பிப் பொரிஞ்சு உதிரும், காத்தும் ஈரமும் உள்ள போக வழி விடும், அதனால அரிப்பு நிக்காம உள்ள போயிட்டே இருக்கும். இன்னொண்ணு வெங்காயம், மாங்கா, எலுமிச்சைன்னு நறுக்க நறுக்க நீலமாவும் சாம்பலாவும் மாறி கடைசில கருப்பா படியுறது. மெல்லிசா இறுக்கமா ஒட்டிக்கிட்டு துருவைத் தாமதப்படுத்தும், முழுசா தடுத்துடாது. அருவாமனை இருந்த வீடுகள்ல இதை "கருத்துடுச்சு", "கருப்பு ஏறியிருக்கு"ன்னு சாதாரணமா சொல்லுவாங்க. அப்புறம் எதுக்கு அகராதியில தேடணும், 'கருமை'ன்னு எழுதினா போதாதா. சிலர் 'காலப்பூச்சு'ங்கிறாங்க, அதுவும் எனக்கு ஒத்துவரல. பூச்சுன்னா நாம மேல பூசுறது, இது இரும்பே மாறி வர்றது. காலமும் பெருசா வேணாம், ஒரு மத்தியானம் மாங்கா நறுக்கினாலே ஆரம்பிச்சிடும்.

நம்மூருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். சென்னையில பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காத்துல உப்பு, ஐப்பசி கார்த்திகைல மழை ஈரம், கருமை ஏறின கத்தியையும் அப்படியே போட்டு வைக்க முடியாது. கழுவினதும் துணியால துடைச்சு, பிடி சேர்ற இடுக்குல ஈரம் நிக்காம காய விட்டு, எண்ணெய் ஒரு சொட்டு மெல்லிசா தடவணும். நல்லெண்ணெய் நாளாக நாளாக பிசுக்காயிடும், தேங்காண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், ரொம்ப நாள் எடுக்காம வைக்கிறதுன்னா மெடிக்கல்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின் நல்லது. தோல் உறைக்குள்ள மட்டும் சொருகி வச்சிடாதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பும் அதுல இருக்கலாம்.

இந்த எண்ணெய் விஷயத்துலயும் மொழிபெயர்க்கிறவங்க விளையாடுறாங்க. துரு வராம தடவுற எண்ணெயை 'துரு நீக்கி'ன்னு எழுதுறாங்க. நீக்கின்னா வந்ததை எடுக்குறது, அதுல பலது அமிலம். அதை நம்பி ஒருத்தர் நல்ல கத்தில தடவி பெட்டில வச்சா, இருந்த கருமையும் கரைஞ்சு புதுசா துரு கிளம்பும். 'துருத்தடுப்பு எண்ணெய்'னு எழுத என்ன கஷ்டம், கத்தியைக் கையில பிடிச்சு ஒரு வெங்காயம் நறுக்கிப் பாத்துட்டு எழுதுங்கப்பா.