பூனை வாய் வைத்த லவ் பேர்ட்ஸுக்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள்

“சின்னக் கீறல்தான், இரத்தம்கூட நின்னுடுச்சு” என்று வீட்டார் நிம்மதியடைந்த பிறகு செத்துப்போகும் பறவைகள் ஏராளம். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கிறது. பாதத்தை நக்கும்போது நகத்திலும் அது ஒட்டிக்கொள்ளும். பல் ஊசிமுனை அளவுக்கு இறங்கினால் போதும். மேலே தோல் மூடிக்கொள்ளும். உள்ளே கிருமி இரத்தத்தில் பரவும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பறவை இறந்துவிடலாம். இறகுக்கு அடியில் இருக்கும் துளை கண்ணுக்கே தெரியாது. அதனால் காயத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பூனை கவ்வியது தெரிந்தாலே சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். பறவையை எடைபோட்டு மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். சென்னையில் புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை.

35 கிராம் லவ் பேர்ட்ஸின் உடம்பில் மொத்த இரத்தமே ஒரு டீஸ்பூனுக்குக் குறைவு. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் மெல்ல அழுத்துங்கள். நெஞ்சை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், மூச்சு நின்றுவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், களிம்பு எதுவும் தடவக் கூடாது. எண்ணெய் பட்ட இறகு உடம்புச் சூட்டைக் காக்காது. வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, கதகதப்பாக வைத்துக் கொண்டு போங்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் நம் வீட்டுப் பூனை மட்டும் கணக்கில்லை. மீன் கழிவுக்கு வரும் தெருப்பூனைகளும் மாடிவழியாக இறங்கும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். சோறு வைத்துப் பழக்கிவிட்டோம் என்பது பாதுகாப்பாகாது. குட்டியிலிருந்து சேர்த்து வளர்த்தாலும் இதேதான். சிறகு படபடத்த நொடியில் பூனை பாய்ந்துவிடும்.

பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி தாவும். கூண்டை உயரத்தில் மாட்டிவிட்டு, பக்கத்திலேயே பீரோவோ ஃப்ரிட்ஜோ இருந்தால் பயனில்லை. ஒற்றை அறை ஸ்டோர் வீட்டில் தள்ளி வைக்க இடமேது? அங்கே கூண்டைச் சுற்றி மூன்று அங்குல இடைவெளி விட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷால் (பற்றவைத்த கம்பிவலை) இன்னொரு சட்டம் அடிப்பதுதான் வழி. இந்த இடைவெளி முக்கியம். அது இல்லாவிட்டால், இரவில் மிரண்ட பறவை கம்பியைப் பற்றித் தொங்கும்போது பூனை வெளியிலிருந்தே காலைப் பிடித்து இழுத்துவிடும். புது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையில் துத்தநாகத் தூள் இருக்கும். பறவை கொறித்தால் விஷம். வினிகர் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவைத்துப் பிறகு அடியுங்கள்.

பெரிய கதவைப் பூட்டுபவர்கள் தீனிக் கிண்ணத்தின் சின்னக் கதவை விட்டுவிடுகிறார்கள். மேலே தூக்கித் திறக்கும் அந்தக் கதவைப் பூனை பாதத்தாலேயே நெம்பிவிடும். சாவிக்கொத்துக் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். கூண்டு கீழே விழுந்தால் அடித்தட்டு கழன்றுகொள்ளும். அதையும் நாலு மூலையில் கம்பியால் கட்டிவிடுங்கள்.

பறவையை வெளியே விடும் நேரத்தில் பூனை அதைத் தூக்கிப் போகும் கூண்டுப் பெட்டிக்குள் (கேரியர்) இருக்க வேண்டும், மின்விசிறி நின்றிருக்க வேண்டும். பூனை எதிரில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டே இருந்தால், தொடாமலேயே பறவைக்குக் கேடுதான். தீனியைக் குறைக்கும், இறகைப் பிடுங்கும், எச்சம் தண்ணீராகும். அப்போது கூண்டின் மூன்று பக்கத்தைப் பருத்தித் துணியால் மறைத்து, காற்று வரும் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.