மோட்டெட்: சொல்லும் பொருளும், தமிழில் எப்படிச் சொல்வது

மோட்டெட் என்பது ஐரோப்பிய இசையில் பல குரல்களுக்கு அமைந்த ஒரு பாட்டு வகை. பெயரின் வேர் 'மோ'; பிரெஞ்சில் அதற்குச் சொல் என்று பொருள். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸின் நோத்ர் தாம் ஆலய இசையில், கீழ்க்குரல் பழைய லத்தீன் வழிபாட்டு மெட்டின் ஒரு துண்டை நீட்டி நீட்டிப் பாடும். மேற்குரல் அதன்மேல் ஒரே உயிரெழுத்தில் வேகமாக ஓடும். அந்த வெறும் ஓட்டத்துக்கு வரிகள் எழுதிப் பொருத்தினார்கள். சொல் பெற்ற அந்தக் குரலுக்கு 'மோத்தேத்துஸ்' என்று பெயர் வந்து, பிறகு பாட்டு முழுவதற்கும் அதுவே ஆகிவிட்டது. கீழே மெட்டைப் பிடித்து நின்ற குரல்தான் 'டெனர்'. லத்தீனில் 'தெனேரே' என்றால் பிடித்திருத்தல்.

16ஆம் நூற்றாண்டில் பொருள் நகர்ந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் கீரியே, குளோரியா முதலிய மாறாத பகுதிகளுக்கு இசையமைத்தால் அது மிஸ்ஸா. அந்தந்தத் திருநாளுக்கு உரிய லத்தீன் வாசகத்தைப் பல குரல்களுக்கு அமைத்தால் மோட்டெட். இந்தப் பொருளில் இச்சொல்லைப் புரிந்துகொள்ள இசையமைப்பாளர் தோமாஸ் லூயிஸ் தே விக்டோரியாவைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்பேன்.

அவர் 1548 வாக்கில் ஸ்பெயினின் ஆவிலா பகுதியில் பிறந்தார். அந்நகரப் பேராலயத்தில் சிறுவர் பாடகராக இருந்து, ரோமில் இயேசு சபையாரின் ஜெர்மன் கல்லூரியில் படித்து, அங்கேயே இசை கற்பித்தார். 1575இல் கத்தோலிக்கக் குருவானார். பின்னர் மாட்ரிட்டில் பேரரசி மரியா வாழ்ந்த மடத்தில் பணியாற்றி, 1611இல் இறந்தார். உலகியல் பாட்டு ஒன்றைக்கூட அவர் அச்சிடவில்லை. 1572இல் வெனிஸில் வந்த முதல் நூலின் தலைப்பே 'மோத்தெக்தா' (மோட்டெட்டுகள்) என்று தொடங்கும். 4, 5, 6, 8 குரல்களுக்கான பாடல்கள் அதில் உண்டு.

அதில் ஒன்று, நான்கு குரலுக்கான 'ஓ மாஞ்ஞும் மிஸ்தேரியும்'. தீவனத் தொட்டியில் கிடக்கும் ஆண்டவரை விலங்குகள் கண்ட மறைபொருளைப் பாடுவது. உச்சக் குரலான சோப்ரானோ தனியே தொடங்கும்: ப ஸ ப ப த ப. தைவதம் சுத்தம். பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கித் திரும்பி, 'மிஸ்தேரியும்' என்ற சொல்லில் அரைச்சுரம் மட்டும் ஏறி இறங்கும். அதற்கு அடுத்த குரலான ஆல்ட்டோ இதையே தாழ்ந்த நிலையில் எடுத்துத் தொடரும். பிறகு டெனரும், அடிக்குரலான பாஸும் சேரும். வாசகத்தின் அடுத்த தொடருக்கு வேறு மெட்டு, வேறு நுழைவு. 'ஓ பெயாத்தா விர்கோ' (பேறுபெற்ற கன்னியே) என்ற இடத்தில் பின்னல் நின்று, நால்வரும் ஒன்றாக அசைக்கு அசை பாடுவார்கள். அல்லேலூயாவில் தாளம் மூன்றாக மாறும். இந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் வாசகமே காரணம்.

பாடும்போது கெடுவது பெரும்பாலும் முதல் வரியில்தான். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும்போது சுரம் சற்றே எட்டாமல் நிற்கும். அடுத்த குரல் அதைக் கேட்டே எடுப்பதால் குறை கூடிக்கொண்டே போய், முடிவில் சுருதி கால் சுரம், அரைச்சுரம் இறங்கிவிடும். ஒவ்வொரு குரலின் நுழைவையும் தனியாகச் சுருதி வைத்துப் பழகுங்கள். மெட்டைப் பாடி முடித்த குரல் ஒலியைக் குறைக்க வேண்டும், இல்லையேல் அடுத்த நுழைவு காதில் விழாது. அச்சில் தெரியும் தாளக்கோடுகளை நம்பி முதல் எண்ணிக்கையில் அழுத்தாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். அதில் கோடே இருக்காது. அழுத்தம் லத்தீன் அசைக்குத்தான். உச்சரிப்பு இத்தாலிய முறையில்: 'மக்னும்' அல்ல, 'மாஞ்ஞும்'. இசைத்தாள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இதே பெயரில் அவர் 1592இல் வெளியிட்ட மிஸ்ஸாவும் உண்டு. இந்த மோட்டெட்டை மூலமாகக் கொண்டு அமைந்தாலும் அது வேறு படைப்பு.

சரி, தமிழில்? வேர்ச்சொல்லைப் பின்பற்றிச் 'சொல்லிசை' எனலாம் என்று தோன்றும், ஆனால் அது ராப்புக்கு வழங்கிவருகிறது. 'திருப்பாடல்' விவிலியத்தின் 150 பாடல்களுக்கு உரியது. 'கீர்த்தனை' என்றால் பல்லவி, சரணம் நினைவுக்கு வரும். மோட்டெட்டில் அவை இல்லை. 'பாமாலை' சபையார் எல்லாரும் சேர்ந்து பாடுவது, இதுவோ பயின்ற பாடகர் குழுவுக்கானது. பல குரல், வழிபாடு என்ற இரண்டும் தெரிய 'பல்குரல் வழிபாட்டுப்பா' என்பதே பொருந்தும். கட்டுரையில் முதல் முறை 'மோட்டெட் எனும் பல்குரல் வழிபாட்டுப்பா' என்று எழுதிவிட்டு, பின் 'வழிபாட்டுப்பா' என்றே தொடரலாம். 13ஆம் நூற்றாண்டு மோட்டெட்டுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் பல, பிரெஞ்சுக் காதல் வரிகளைக் கொண்டவை. அங்கே மோட்டெட் என்றே எழுதுவது சரி.