மேட்டிமை: மேட்டில் பிறந்த சொல்

பேச்சில் 'மேட்டிமை' என்று இப்போது யாரும் சொல்வதில்லை. 'அவனுக்கு ஹெட்வெயிட்டு' என்கிறோம். கொஞ்சம் தமிழ்ப்பற்று இருந்தால் தலைக்கனம், கோபம் இருந்தால் திமிர். மேட்டிமை மிச்சமிருப்பது அகராதியிலும், ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்கிற பழைய வேதாகமத்திலும்தான். அங்கேயும் பிரசங்கியார் அதை 'அதாவது, பெருமை' என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். அவ்வளவு சீக்கிரம் கடந்துபோகிற சொல் இல்லை இது.

மேல், மேடு, மேட்டி, மேட்டிமை. தலைமை, பெருமை என்பவற்றில் வருகிற அதே 'மை'தான் கடைசியில் ஒட்டியிருக்கிறது. மேடு என்றால் என்ன என்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேட்டுக்காடு வாய்க்கால் தண்ணீர் ஏறாத காடு. மழையை நம்பி ராகியும் கொள்ளும் போடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களைக் கேட்டால் 'மேட்டி' என்பதற்கு இன்னொரு முகம் தெரியும். தெலுங்கில் அது பாராட்டு. மேட்டி ஆட்டக்காரர் என்றால் முதல்தரமானவர். தமிழிலும் மேட்டிமைக்கு மேன்மை, தலைமை என்ற நல்ல பொருள் உண்டு. நாம்தான் அதை மறந்து ஏச்சை மட்டும் வைத்துக்கொண்டோம். செய்தித்தாளில் வருகிற 'மேட்டுக்குடி'யில் மட்டும் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

இந்த இரட்டை முகம் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேயத்திலும் அப்படியே இருக்கிறது. 'காஓன்' என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் எழும்புதல், உயர்தல். கடவுளுக்குச் சொன்னால் மகத்துவம், மனிதனுக்குச் சொன்னால் பெரும்பாலும் செருக்கு. இன்னொரு சொல் 'கோவா'. அதற்கு நேர்ப்பொருளே உயரம்தான். நீதிமொழிகள் 16:18-ல் 'அழிவுக்கு முன்னானது அகந்தை. விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை' என்று படிக்கிறோம். அந்த மனமேட்டிமை எபிரேயத்தில் 'கோவா ரூவா', ஆவியின் உயரம். மொழிபெயர்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லைப் போடவில்லை என்பது இங்கே தெரிகிறது.

தீர்க்கதரிசிகள் செருக்கை மனசுக்குள் நடக்கிற விஷயமாக மட்டும் பார்ப்பதில்லை, உயரக் கணக்காகவும் பார்க்கிறார்கள். ஏசாயா 2-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசம் வெள்ளியாலும் பொன்னாலும் நிறைந்திருக்கிறது, பொக்கிஷங்களுக்கு முடிவில்லை என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. அப்புறம் கர்த்தருடைய நாள் வருகிறது. அது யார்மேல் வருகிறது? லீபனோனின் கேதுரு மரங்கள்மேல், பாசானின் கர்வாலி மரங்கள்மேல், மலைகள், கோபுரங்கள், மதில்கள், தர்ஷீசுக்குப் போகிற கப்பல்கள்மேல். மரம் என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றும். உயரமாக இருக்கிற எதையும் தீர்க்கதரிசி விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான். 'கர்த்தர் ஒருவரே அந்நாளில் உயர்ந்திருப்பார்' என்ற வரிக்காகத்தான் இந்தப் பட்டியலே. இந்த இடத்தில் 'கர்வம்' என்று போட்டால் மலைக்கும் மனிதனுக்கும் இருக்கிற தொடர்பு அறுந்துபோகும்.

பணத்தோடு இந்தச் சொல் நேராகச் சேருவது எசேக்கியேல் 28-ல். கடல் வியாபாரத்தில் கொழித்த தீரு நகரத்தின் அதிபதியைப் பார்த்து, 'உன் இருதயம் உன் செல்வத்தினால் மேட்டிமையாயிற்று' என்கிறார் தீர்க்கதரிசி. உசியா ராஜாவுக்கும் இதே வினைதான். 52 வருஷம் யூதாவை ஆண்டவன், பலப்பட்டபோது மனம் மேட்டிமையாகி, ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபம் காட்டலைத் தானே செய்யப் போனான். குஷ்டரோகியாக வெளியே வந்தான். ஆனால் யோசபாத் என்ற இன்னொரு ராஜாவைப் பற்றிச் சொல்லும்போது அதே எபிரேய வினை நல்ல அர்த்தத்தில் வருகிறது: கர்த்தருடைய வழிகளில் அவன் இருதயம் உயர்ந்தது. அங்கே தமிழில் மேட்டிமை என்று வைக்கவில்லை. தெலுங்குக்காரர் வைத்திருப்பாரோ என்னவோ!

சரி, மாற்றுச் சொற்கள்? கர்வம், அகங்காரம், அகந்தை மூன்றும் வடமொழி வரவு. அகந்தை 'நான்' என்பதிலிருந்து வந்தது. ஆணவமும் வடமொழி வரவுதான், ஆனால் அது சுவையானது: சைவ சித்தாந்தத்தில் அதன் வேர் அணு. உயிரை அணுபோலச் சிறுக்கவைக்கிற மலம், அதாவது அழுக்கு. ஒருவனை எபிரேயன் உயரத்தில் பார்த்த இடத்தில் சைவன் சிறுமையில் பார்த்திருக்கிறான். தூய தமிழில் செருக்கு இருக்கிறது, 'யான் எனது என்னும் செருக்கு' என்று குறளிலேயே. ஆனால் செருக்கில் களிப்பும் மயக்கமும் கலந்திருக்கும், உயரம் கிடையாது. கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் செருக்கும் ஆணவமும் அதிகம். எலத்தகிரி, கோவிலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சுலபமாகப் புரியும், உண்மைதான். இருந்தாலும் ஏசாயா 2-க்கு என் ஓட்டு மேட்டிமைக்கே. தலைக்கனமும் பொருந்தாது. எபிரேயத்தில் கனம்தான் மகிமை. 'காவோத்' என்பதன் வேரே பாரம்.

மேட்டிமை பொருந்தாத ஓர் இடமும் உண்டு. பார்ப்பதற்கு மிகவும் பொருந்துவது போலத் தெரியும். ஒபதியா என்ற தீர்க்கதரிசி, ஏதோம் தேசத்தைப் பார்த்துச் சொல்கிறார்: கன்மலை வெடிப்புகளில் குடியிருந்து, என்னைத் தரையிலே விழத்தள்ளுகிறவன் யார் என்கிறாயே. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்த வசனம் படமாகத் தெரியும். 1791-ல் ஆங்கிலப் படை அந்தப் பாறையில் ஏறப் பார்த்துத் தோற்றது. அடுத்த வருஷமே திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில், யாரும் ஏறாமலேயே, பாராமகால் என்ற சுற்றுவட்டாரச் சீமையோடு சேர்ந்து அது கம்பெனி கைக்குப் போனது. ஏதோமின் பாறை இன்றைய ஜோர்தானின் தெற்கில் இருக்கிறது.

இவ்வளவு உயரம் பேசுகிற ஒபதியா, செருக்குக்கு மட்டும் உயரச் சொல்லைப் போடவில்லை. 'ஸாதோன்' என்கிறார். தமிழில் அகந்தை. அதன் வேர் கொதித்துப் பொங்குவது. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் 'நாஸீத்', அதாவது கூழ். ஏதோமியரின் தகப்பன் ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்று வாங்கிக் குடித்த பயற்றங்கூழ் அதுதான்.