குட்டை அலையில் பாய்ப் படகு: சுக்கான் எப்போது பிடிக்கும், எப்போது நழுவும்?

கோடியக்கரை முனையில் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. முனைக்கு வடக்கே வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் வங்கக்கடலின் நீண்ட அலை. மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் பாக் நீரிணையின் குட்டையான, நெருக்கமான அலை. பார்த்தால் மிரட்டுவது முதல் வகை. ஆனால் சின்னப் பாய்ப் படகைப் படுத்தி எடுப்பது இரண்டாவதுதான்.

இலங்கை மறைத்து நிற்பதால் தொலைதூரப் பேரலைகள் பாக் நீரிணைக்குள் அதிகம் வருவதில்லை. அங்கே வீசும் காற்று அங்கேயே கிளப்பும் அலைதான் பெரும்பாலும். காற்று ஓடக் கிடைக்கும் தூரம் குறைவு என்பதால் அந்த அலை நீண்டு வளர்வதில்லை. ஆழமான நீரில் அலையின் நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டு முகடுகளுக்கு இடையிலான விநாடிகளை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.56-ஆல் பெருக்க வேண்டும். 10 விநாடி அலைக்கு 156 மீட்டர் வரும். படகு அதில் அலுங்காமல் ஏறி இறங்கும். 3 விநாடி அலைக்கு வெறும் 14 மீட்டர். 7 மீட்டர் படகின் அணியம் (முன்முனை) முகட்டில் இருக்கும்போது அமரம் (பின்முனை) பள்ளத்தில் கிடக்கும். கரையை நெருங்கி ஆழம் 7 மீட்டருக்குக் கீழே போனால் தரை தடுக்கத் தொடங்கி அலை இன்னும் செங்குத்தாகும்.

இனிதான் முக்கியமான விஷயம். அலை முன்னே போகிறது, நீர் கூடவே போவதில்லை. மிதக்கும் தென்னை மட்டை ஒன்றைக் கவனியுங்கள்: முகட்டில் கொஞ்சம் முன்னே போகும், பள்ளத்தில் கிட்டத்தட்ட அதே அளவு பின்னே வரும். நீர் வட்டமாகச் சுற்றுகிறது. 80 செ.மீ. உயரமுள்ள 3 விநாடி அலையில் இந்தச் சுழற்சியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர்.

காற்றும் அலையும் பின்னாலிருந்து வர, படகு விநாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமரம் முகட்டில் ஏறும்போது நீரும் படகோடு சேர்ந்து ஓடுகிறது; சுக்கானைக் கடந்து போகும் நீரின் வேகம் 1.2 மீட்டர்தான். சுக்கானின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. அதே நேரம் பள்ளத்தில் இருக்கும் அணியத்தை நீர் பின்னே தள்ளுகிறது, முகட்டில் இருக்கும் அமரத்தை முன்னே தள்ளுகிறது. படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை விலாவில் அறையும். படகு கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அமரம் பள்ளத்தில் இருக்கும்போது நிலைமை நேர்மாறு: நீர் எதிரே வருவதால் சுக்கானின் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திசையைத் திருத்த வேண்டிய நேரம் அதுதான். அலை தூக்கிய பிறகு சுக்கானோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அலையை எதிர்த்துப் போகும்போது கணக்கு தலைகீழ். முகட்டில்தான் சுக்கான் நன்றாகப் பிடிக்கும். ஏறும்போது அணியத்தை அலைக்குச் சற்று நேராகக் கொடுத்து, முகட்டிலேயே விலக்கிச் சாய்வாக இறங்க வேண்டும். இங்கே பாயை விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. படகு குதிக்கக் குதிக்கப் பாய்மரத்தின் உச்சி முன்னும் பின்னும் வீசும். பாயின் மேல்பகுதிக்குக் காற்று வரும் கோணம் நொடிக்கு நொடி மாறும். கொஞ்சம் தளர்த்தி வயிறு விட்ட பாய் அந்த மாற்றத்தைத் தாங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வேகம் செத்தால் சுக்கானும் செத்தது.

வலையும் பெட்டியும் ஆளும் படகின் நடுவில் இருந்தால் இரு முனைகளும் லேசாக எழும்பும். பக்கவாட்டுச் சாய்வுக்கு இந்தக் கரையில் ஓர் அருமையான தீர்வு உண்டு. வத்தை என்னும் பாய்ப் படகில் குறுக்கே நீண்ட பலகையைக் காற்று வரும் பக்கம் நீட்டி, அதில் ஆள் ஏறி உட்காருவார். நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்காரும் 60 கிலோ ஆள், விளிம்பில் 70 செ.மீ. தள்ளி இருப்பவரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நிமிர்த்தும் திறன் தருகிறார். படகுக்குள் 100 லிட்டர் நீர் தேங்கி, சாயும் பக்கம் அரை மீட்டர் ஓடினால் அந்தத் திறனில் 40 சதவீதம் போய்விடும். ஆகவே ஒருவர் பலகையில் ஏறும்போது இன்னொருவர் கையில் வாளி இருந்தாக வேண்டும்.