சீரியல் போர்ட்: துறையா, வாயிலா?

மொட்டை மாடி வானிலை நிலையத்தின் அளவுகளைப் பதிந்துவைக்கும் லாகரைக் கணினியோடு இணைக்கக் கேபிள் வாங்க, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். "சீரியலா, யூஎஸ்பியா சார்?" என்று கடைக்காரர் தமிழிலேயே கேட்டார். வீட்டுக்கு வந்து "சீரியல் கேபிள் கிடைச்சிடுச்சு அத்தை" என்றதும், பூத் தொடுத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து டி.வி.யைப் பார்த்தார். அவர் நினைத்த சீரியலும் நான் வாங்கிய சீரியலும் ஒரே சொல்தான்.

லத்தீனில் 'செரெரே' என்றால் கோத்தல், வரிசையாக இணைத்தல். அதிலிருந்து 'சீரீஸ்', அதிலிருந்து 'சீரியல்'. தமிழில் தொடு, தொடுத்தல், தொடர். அத்தையின் விரல்களைப் பார்த்தால் இதற்கு வேறு விளக்கமே வேண்டாம். இரண்டு மல்லி இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அது முடிந்த பிறகே அடுத்தது. சீரியல் கம்பியிலும் பிட்டுகள், அதாவது தரவின் 0, 1 துணுக்குகள், இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. பழைய பிரிண்டர்களின் பேரலல் கேபிளில் எட்டு பிட்டும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். பழந்தமிழில் 'தொடர்' என்றால் சங்கிலி என்றும் பொருள் உண்டு. கலைச்சொல் பட்டியல்களில் 'தொடர்நிலை' என்று நீட்டியிருக்கிறார்கள். 'தொடர்' என்பதே போதும்.

எனக்கு மனக்குறை போர்ட்டில்தான், அதாவது கேபிளைச் செருகும் இடத்துக்கான சொல்லில். அதைத் 'துறை' என்கிறோம், துறைமுகத்தை நினைத்து. ஆங்கிலத்தில் இரண்டு 'போர்ட்' உண்டு. துறைமுகம் 'போர்ட்டுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கப்பலின் பக்கவாட்டில் பீரங்கி நீட்டுவதற்கு விட்ட திறப்பையும் போர்ட் என்பார்கள். அது 'போர்ட்டா', அதாவது வாயில். கணினியின் போர்ட் இந்த இரண்டாவது வழியில் வந்தது. இரண்டு லத்தீன் சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான், ஆகவே துறை அடியோடு அந்நியம் இல்லை. ஆனாலும் தரவு உள்ளே வந்து வெளியே போகும் திறப்புக்கு 'வாயில்' என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. இங்கே பக்கத்து வீட்டாருக்கும் அது புரியும்: வெண்ணெய் கன்னடத்தில் 'பெண்ணெ' ஆவதுபோல, வாயில் 'பாகிலு' ஆகிறது.

சரி, லாகருக்கு எந்த வாயில்? (லாகருக்குப் 'பதிவி' நல்ல சொல்.) ஆர்எஸ்-232 என்ற சீரியல் தரநிலை 1960-இல் வந்தது. வீட்டு லாகர்களில் வழக்கமான வேகம் நொடிக்கு 19,200 பிட். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை என்று ஒரு வரி அனுப்ப இது தாராளம். ஆகவே வேகத்தை வைத்துத் தேர்வு செய்ய வேண்டாம், தூரத்தை அளந்து பாருங்கள். சீரியல் கேபிள் சுமார் 15 மீட்டர் வரை போகும், யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. எங்கள் வீட்டில் லாகர் ஹால் ஜன்னலோரம், கணினி பின்னறையில், நடுவே 9 மீட்டர். அதனால் சீரியல். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் யூஎஸ்பியே எளிது. அதன் நடு எழுத்தும் சீரியலைத்தான் குறிக்கிறது.

இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் வாயில் கிடையாது, சீரியல் கேபிளை யூஎஸ்பி ஓட்டையில் இணைக்கும் அடாப்டர் வேண்டும். அதைக் கணினி 'காம் 3' என்பதுபோல ஓர் எண் கொடுத்து அழைக்கும். ஒரு மே மாத மாலை, இடியோடு மழை கொட்டத் தொடங்கிய நேரம், அடாப்டரை வேறு ஓட்டையில் செருகிவிட்டேன். எண் 'காம் 7' ஆகிவிட்டது. மென்பொருளோ பழைய வாயிலிலேயே காத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் திரையில் ஒரு சொட்டு மழை இல்லை. பதிவியின் நினைவகத்தில் எல்லாம் பத்திரமாக இருந்ததால் பிறகு இறக்கிக்கொள்ள முடிந்தது.

அன்றே லேப்டாப்பின் பழைய ஓட்டைக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டி, 'தொடர் வாயில் 3' என்று எழுதிவைத்தேன்.