மருந்தடித்து நோய் வந்தால் நட்டஈடு கேட்கலாம்

தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறவர், நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு மருந்தடிக்கிறவர், யாராக இருந்தாலும் அந்த வேலையால் நோய் வந்தால் முதலாளியிடம் நட்டஈடு கேட்க உரிமை உண்டு. இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தரும் உரிமை இது. தோட்டத்தை நடத்தும் துரை மனமிரங்கிக் கொடுக்கும் உதவிப் பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிற குடும்பங்கள்தான் நம்மிடையே அதிகம். அது வேறு, இது வேறு.

முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகப் பாதிப்பு வந்தது என்று காட்டினால் போதும். சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஈயம், பாதரசம் போன்றவற்றால் வரும் நஞ்சேற்றத்தைத் தொழில்சார் நோயாகக் கணக்கிடுகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. சம்பளத்தையும் பாதிப்பின் அளவையும் பார்த்தே தொகை முடிவாகும்.

மலையிலேயே மயங்கி விழுந்தால் கண்ட சாட்சி இருக்கும். வருடக்கணக்கில் டாங்கியை முதுகில் சுமந்து மருந்தடித்தவருக்கு மெல்ல மெல்ல வரும் நோய்தான் சிக்கல். "சிகரெட்டால் வந்தது", "வயசுக் கோளாறு" என்று தட்டிக்கழிப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எழுத்துப் பதிவுதான் வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து அடித்தீர்கள், எத்தனை வருடமாக அடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, நோய் நிர்ணய அட்டையில் எழுதித்தரச் சொல்லுங்கள். மருந்துப் போத்தலின் லேபலை போனில் படம் பிடியுங்கள். சம்பளத் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) உங்கள் பெயர் இருந்ததற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அவைதான்.

முதலாளிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். வழி கேட்க அருகிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கால எல்லை உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சிவில் வழக்குப் போடவும் வழியுண்டு, ஆனால் இரண்டு வழியிலும் சேர்த்துக் கேட்க முடியாது. எதைத் தெரிவு செய்வது என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.

"இனி எந்த நட்டஈடும் கேட்க மாட்டேன்" என்று எழுதிய தாளை நீட்டினால் கைநாட்டு வைக்காதீர்கள். தொழிற்சங்கத் தலைவர் சொன்னாலும் சரி.