த்ரில்லர்: துளையில் பிறந்த சொல்

இயக்குநர் ஸ்பைக் லீயும் நடிகர் டென்சல் வாஷிங்டனும் 2006க்குப் பிறகு மறுபடி சேர்ந்த படம் ‘ஹையஸ்ட் 2 லோயஸ்ட்’, 2025இல் வெளியானது. 1990இல் தொடங்கிய அவர்கள் கூட்டணியில் இது ஐந்தாவது. கதை நடப்பது நியூயார்க்கில். தமிழில் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ‘க்ரைம் த்ரில்லர்’ வந்து நிற்கிறது. க்ரைமுக்குக் குற்றம் இருக்கிறது, சிக்கலில்லை. த்ரில்லருக்கு என்ன சொல்வது?

‘த்ரில்’ என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் துளை. அதன் வினைக்குத் துளைத்தல், ஊடுருவுதல் என்று பொருள். மூக்குத் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் பின்பாதியில் அந்தத் துளை இன்னமும் ஒளிந்திருக்கிறது. அம்பு உடம்பைத் துளைப்பதைச் சொன்ன சொல், பிறகு உணர்ச்சி உள்ளே பாய்வதைச் சொல்லத் தொடங்கியது. கதைக்குப் பெயராக ‘த்ரில்லர்’ வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். தமிழிலும் ‘அவர் சொன்னது மனசுல தைச்சிடுச்சு’ என்கிறோம். முள்ளுக்குரிய வினை நெஞ்சுக்குப் போனது. ஆனால் நம் தைத்தல் புண்பட்ட வலியோடு நின்றுவிட்டது, கதைக்கு உதவாது.

பத்திரிகைகள் ‘திகில் படம்’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. திகில் அச்சம், பேய்ப் படத்துக்கு அது போதும். மர்மம், யார் செய்தது என்ற முடிச்சு. பரபரப்பைத் தேர்தல் செய்திகளே தேய்த்துவிட்டன.

இந்தப் படத்தின் கதையையே பாருங்கள். இசை நிறுவன முதலாளி டேவிட் கிங்குக்கு, மகனைக் கடத்திவிட்டோம், 1 கோடியே 75 லட்சம் டாலர் கொடு என்று மிரட்டல் வருகிறது. நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவரச் சொத்தையெல்லாம் திரட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. பிறகுதான் தெரிகிறது, ஆள் மாறிவிட்டது. கடத்தப்பட்டவன் அவருடைய ஓட்டுநரின் மகன். சொந்தப் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கும்போது, அடுத்தவர் பிள்ளைக்காக எல்லாவற்றையும் இழப்பதா? 1963இல் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா இதே கதையை யோகோஹாமாவில் வைத்துச் சொன்னார். ஜப்பானியத் தலைப்புக்குச் சொர்க்கமும் நரகமும் என்று பொருள். நாயகன் டோஷிரோ மிஃபூனே. அந்தப் படத்துக்கும் மூலம் 1959இல் வந்த ஓர் அமெரிக்க நாவல்.

இங்கே பார்ப்பவருக்கு வருவது திகில் இல்லை, பதைப்பு. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் பதைக்கிறாள். பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து பதைக்கிறார்கள். உடம்பின் நடுக்கமும் மனத்தின் தவிப்பும் ஒரே வினையில் இருக்கின்றன. துளைத்துக்கொண்டு உள்ளே போகும் ‘த்ரில்’லுக்கு இவ்வளவு நெருக்கமான வேறொரு சொல்லை நான் காணவில்லை. பதைப்புப் படம், குற்றப் பதைப்புக் கதை என்று துணிந்து எழுதலாம்.

எல்லா த்ரில்லருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஸ்பைக் லீயும் வாஷிங்டனும் 2006இல் சேர்ந்த ‘இன்சைட் மேன்’ வங்கிக் கொள்ளைக் கதை. அதில் போலீசுக்கும் கொள்ளையனுக்கும் நடக்கும் மதியாட்டமே பிரதானம். அதற்கு விறுவிறுப்பு என்ற சொல்லே போதும். காரம் நாக்கில் ஏறுவதையும் விறுவிறு என்றுதான் சொல்கிறோம்.